உங்கள் தோலுக்கு வயது ஒன்றல்ல, மூன்று! உங்களுக்குத் தெரியுமா?

ஆதார் அட்டையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதில் இருப்பது நீங்கள் பிறந்த தேதி. உங்கள் தோலின் கணக்கே வேறு!

உங்கள் கன்னத்தின் மேல்தோலுக்கு வயது ஏறக்குறைய ஒரு மாதம்தான். அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே ஏறி, காய்ந்து, தட்டையாகி, உதிர்ந்து போக 28 நாள். போன அமாவாசைக்கு இருந்த முகம் இந்த அமாவாசைக்கு இல்லை!

அதற்கும் கீழே, உள்தோலில் கொலாஜன் என்ற நார் இருக்கிறதே, அது அவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி செய்யாது. அதில் பாதி மாறி முடியவே 15 ஆண்டு!

அந்தக் கொலாஜனுக்கு நடுவே ஓடும் எலாஸ்டின் இன்னும் விடாக்கண்டன். தோலை இழுத்து விட்டால் ரப்பர் மாதிரித் திரும்புகிறதே, அதற்குக் காரணம் அதுதான். பெரும்பகுதி அம்மா வயிற்றிலும் மழலைப் பருவத்திலும் நெய்து முடித்தது. மனித நுரையீரலில் இருக்கும் எலாஸ்டினை அளந்து பார்த்தார்கள். சராசரியாக அது தங்கியிருப்பது 74 ஆண்டு!

ஆக, 60 வயதுத் தாத்தாவின் கன்னத்தில் ஒரு மாதக் குழந்தையும், காலேஜ் பையனும், 60 வயதுக்காரரும் ஒரே வீட்டில் குடித்தனம்!

மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக் கொலாஜனுக்கும் கணக்குப் போட்டார்கள். பாதி மாற எத்தனை ஆண்டு தெரியுமா? 117! ஆள் போன பிறகும் பாக்கி இருக்கும்!

ஒரு சின்னச் சோதனை. புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். ஐந்து எண்ணுங்கள். விடுங்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே செய்து பார்த்தோம். என் மகளுக்கு, விட்டதுதான் தெரியும், தோல் இருந்த இடத்துக்குப் போய்விட்டது. எனக்கு அரை நொடி. என் அம்மாவுக்கு அந்த மடிப்பு சின்னக் கூடாரம் போல நின்றது. நான் 'மூணு' எண்ணும் வரை நின்றது!

உடம்பில் மேல்தோல் மிக மெல்லியதாக இருப்பது கண் இமையில். வெறும் 0.05 மில்லிமீட்டர். மிகத் தடியாக இருப்பது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும். 1.5 மில்லிமீட்டர். ஒரே ஆளுக்குள் 30 மடங்கு வித்தியாசம்! முதல் சுருக்கம் கண்ணோரத்தில் விழுவதில் என்ன ஆச்சரியம்?

மேல்தோலின் உச்சியில் இருக்கும் இறந்த அடுக்கு முழுசாக மாற இளையவருக்கு 20 நாள். முதியவருக்கு 30 நாளுக்கும் மேல்! வயதானால் தோலும் மெதுவாகத்தான் நடக்கிறது.

மேல்தோலும் உள்தோலும் எப்படி ஒட்டியிருக்கின்றன தெரியுமா? முட்டைக் கடையில் அட்டையை அட்டைமேல் அடுக்கி வைப்பார்களே, மேடு பள்ளம் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்குமே, அப்படித்தான்! வயதாக ஆக இந்த மேடு பள்ளம் சமதளமாகிவிடும். பிடிமானம் போச்சு. அதனால்தான் ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்டரைப் பிய்க்கும்போது பாட்டிக்குத் தோலும் சேர்ந்து வருகிறது!

இனி வரப்போவது நம்ம ஊர்ச் சரக்கு. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்!

சுருக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மர்மமெல்லாம் கொலாஜனில்தான். அந்தக் கொலாஜன் எப்படி இருக்கும் என்று உலகத்துக்கு முதலில் சரியாகச் சொன்ன ஊர் எது? லண்டனா? கேம்பிரிட்ஜா? இல்லவே இல்லை. மெட்ராஸ்!

1954. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறை. ஜி.என்.ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கொலாஜன் என்பது மூன்று இழை சேர்ந்த முறுக்கு என்றார்கள். அதற்கு 'மெட்ராஸ் ட்ரிபிள் ஹீலிக்ஸ்' என்றே ஒரு பெயர் உண்டு!

ராமச்சந்திரன் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்க வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூடச் சரியாக ஆகவில்லை!

எக்ஸ்-ரே படம் எடுக்க அவர்களுக்கு வாகாகக் கிடைத்தது எதன் கொலாஜன் தெரியுமா? கங்காருவின் வால் நாண்! துள்ளி ஓடிய வால் ஒன்று கிண்டிப் பக்கம் வந்து விஞ்ஞானத்தில் இடம் பிடித்துவிட்டது.

மூன்று புரிக் கயிறு பார்த்திருப்பீர்கள். கொலாஜனும் அதேதான். ஒவ்வொரு இழையும் இடப்பக்கம் முறுக்கு. மூன்றையும் சேர்த்துப் பின்னிய கயிறு வலப்பக்கம் முறுக்கு! எதிரெதிர் முறுக்கு என்பதால் இழுத்தால் அவிழாது. கயிறு திரிப்பவர்களைக் கேளுங்கள், இந்த வித்தையை அவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்!

அந்தக் கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர். அகலம் வெறும் 1.5 நானோமீட்டர். இழை ஒன்றில் ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலம். அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கட்டாயமாக கிளைசின்! ஏன்? மூன்று இழையும் நெருங்கும் நடு இடுக்கில் நுழையும் அளவுக்குச் சின்னது அது ஒன்றுதான். ஒரே ஒரு கிளைசின் இடம் மாறி வேறொன்று உட்கார்ந்தால் போதும், தொட்டால் எலும்பு உடையும் நோயோடு குழந்தை பிறக்கலாம்!

உங்கள் செருப்பும் பெல்ட்டும் எதனால் ஆனவை? தோல் என்பீர்கள். சரியாகச் சொன்னால் கொலாஜன்! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடுகிறார்களே, அங்கே நடப்பது இந்த முப்புரிக் கயிறுகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும் வேலை.

ஆட்டுக்கால் பாயா குடித்துவிட்டு விரலை விரலோடு சேர்த்துப் பாருங்கள். பிசுக்கென்று ஒட்டும்! கொதியில் அந்த மூன்று புரியும் அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிட்டது. ராமச்சந்திரன் கண்டுபிடித்த முறுக்கு அவிழ்ந்து உங்கள் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

'கொலாஜன் கிரீம்' என்று விளம்பரம் வருகிறதா? தோலுக்குள் நுழையப் பொதுவாக மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். கொலாஜனின் எடை ஏறக்குறைய 3 லட்சம் டால்டன்! ஊசித் துளையில் யானை. தடவியவர் மேனியில் மினுமினுப்பு மிச்சம், அவ்வளவுதான்.

இந்த முறுக்கு கெட்டியாக நிற்க ஒரு சாமான் வேண்டும். வைட்டமின் சி! ஆட்டுக்கு அதைத் தானே தயாரிக்கத் தெரியும். நமக்குத் தெரியாது. நெல்லிக்காயையும் எலுமிச்சையையும் தேடிப் போகவேண்டிய ஜாதி நாம்!

வைட்டமின் சி நின்றுவிட்டால்? இதைப் படித்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது. 1740-இல் இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் ஆன்சன் என்ற தளபதி கப்பல்களோடு உலகம் சுற்றக் கிளம்பினார். வழியில் ஸ்கர்வி. மாலுமி ஒருவருக்கு உடம்பில் பழைய தழும்புகள் இருந்தன. 1690-இல் அயர்லாந்தின் பாயின் போரில் பட்ட காயங்கள். ஆறி 50 ஆண்டு ஆகிவிட்டது. அந்தத் தழும்புகள் எல்லாம் நடுக்கடலில் மறுபடி திறந்துகொண்டன! நேற்றுப் பட்ட காயம் மாதிரி! தழும்பு என்பதே கொலாஜன் தையல்தான். நூல் தீர்ந்ததும் தையல் பிரிந்துவிட்டது!

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஜோடிக்கொரு மருந்து. ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பினார்!

பெண்களுக்கு ஒரு கணக்கு. மாதவிலக்கு நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் போவது சுமார் 30 சதவீதம்! அப்புறம் ஆண்டுக்கு 2 சதவீதம் வீதம். 'திடீர்னு வயசானாப்ல இருக்கு' என்று அத்தை கண்ணாடி முன் நின்று சொன்னால் அது பிரமை இல்லை!

சரி, யார்தான் இந்தக் கொலாஜனை அறுக்கிறார்கள்? மேலே பாருங்கள். சூரியன்!

அமெரிக்காவில் ஒரு லாரி டிரைவர். வயது 69. சரக்கு வண்டி ஓட்டியது 28 ஆண்டு. 2012-இல் அவர் படம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. வலக் கன்னம் வயதுக்குத் தக்கபடி இருக்கிறது. இடக் கன்னம்? அவருக்கு அப்பா என்று சொல்லலாம்! தடித்து, தொங்கி, உழுத வயல் மாதிரி வரிவரியாக. ஒரே மூக்குக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். அமெரிக்காவில் டிரைவருக்கு ஜன்னல் இடப்பக்கம். நம்ம ஊர் டிரைவர் அண்ணன்களே, உங்களுக்கு வலக் கன்னம்!

கண்ணாடியை ஏற்றிவிட்டால் தப்பிக்கலாமா? நடக்காது! சிவக்கச் செய்யும் யு.வி-பி கதிரைத்தான் கண்ணாடி தடுக்கும். ஆழம் வரை போகும் யு.வி-ஏ கார் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிச் சொகுசாக உள்ளே வந்துவிடும். சுடாது. சிவக்காது. அறுத்துவிட்டுப் போகும்!

எப்படி அறுக்கிறது? கதிர் பட்டதும் உங்கள் செல்களே கத்தரி தயாரிக்கின்றன! எம்.எம்.பி என்று அதற்குப் பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1996-இல் பிடித்தார்கள். தோல் சிவக்கக்கூட இல்லை, அதற்குமுன்பே கத்தரி வேலையைத் தொடங்கிவிடுகிறது!

வெயிலை விட்டு வீட்டுக்குள் வந்தாச்சு. சேதம் நின்றிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தார் சொன்னார்கள்: தோலுக்கு நிறம் தரும் மெலனின் உள்ள செல்களில் டி.என்.ஏ. சேதம் இருட்டிலும் தொடர்கிறது. 3 மணி நேரத்துக்கும் மேல்! நீங்கள் மோர் குடித்து, மின்விசிறிக்கு அடியில் குட்டித் தூக்கம் போட்டு எழுந்த பிறகும் மதிய வெயில் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது!

பிரான்ஸில் 298 வெள்ளைத்தோல் பெண்களின் முகத்தை ஆராய்ந்தார்கள். 2013-இல் முடிவு. முகத்தில் கண்ணுக்குத் தெரியும் முதுமையில் வெயிலின் பங்கு 80 சதவீதம்!

நம்பவில்லையா? சட்டைக் கையை மடக்குங்கள். அக்குளுக்குச் சற்றுக் கீழே, கையின் உட்புறத் தோலைப் பாருங்கள். இப்போது புறங்கையைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை!

கறுப்பாக இருப்பவருக்கு மெலனின் செல்கள் அதிகம் என்றுதானே நினைத்தீர்கள்? தப்பு! கறுப்பரோ வெள்ளையரோ, அந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. தயாரிப்பில்தான் வித்தியாசம்!

மெலனின் துகள்கள் செல்லுக்குள் எங்கே போய் நிற்கும் தெரியுமா? டி.என்.ஏ. இருக்கும் உட்கருவுக்கு நேர் மேலே. வெயில் வரும் பக்கமாகப் பார்த்து, குடை பிடித்த மாதிரி!

கருந்தோலின் இயற்கைப் பாதுகாப்பை அளந்தார்கள். சன்ஸ்கிரீன் கணக்கில் எஸ்.பி.எஃப். சுமார் 13. வெள்ளைத்தோலுக்குச் சுமார் 3! 'கொஞ்சம் நிறம் கம்மி' என்று பெண் பார்க்க வந்தவர்கள் முணுமுணுத்தால் இந்த எண்ணைச் சொல்லி அனுப்புங்கள்.

ஆனால் மெலனின் செல்களும் நிலையானவை இல்லை. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்குப் பத்தாண்டு 10 முதல் 20 சதவீதம் குறையும்!

இங்கிலாந்தின் சேங்கர் ஆய்வு நிலையத்தார் கண் இமை அறுவைச் சிகிச்சையில் வெட்டிப் போட்ட தோலைக் கேட்டு வாங்கினார்கள். 4 பேர். வயது 55 முதல் 73. நோய் எதுவும் இல்லாத சாதாரணத் தோல். 234 சின்னச் சின்னத் துண்டாக்கி டி.என்.ஏ.வைப் படித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு செல்லில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய பிழை! இருந்தும் அந்த இமைகள் ஒன்றும் ஆகாமல் கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தன!

ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 903 பேர். 1992 முதல் 1996 வரை, நாலரை ஆண்டு. பாதிப் பேர் தினமும் சன்ஸ்கிரீன். மீதிப் பேர் இஷ்டப்பட்டபோது. பல் டாக்டர் அச்செடுப்பதுபோல எல்லார் புறங்கையிலும் சிலிக்கோன் பூசி அச்செடுத்தார்கள். தினமும் தடவியவர்களின் தோலில் முதுமை 24 சதவீதம் குறைவு! முகத்துக்கு மட்டும் பூசிவிட்டுப் புறங்கையை மறக்கும் கூட்டத்துக்குச் சமர்ப்பணம்.

அமெரிக்காவில் ட்வின்ஸ்பர்க் என்று ஓர் ஊர். ஆண்டுதோறும் அங்கே இரட்டையர் திருவிழா! அங்கே போய் 79 ஜோடி ஒரே மாதிரி இரட்டையர்களைப் படம் பிடித்தார்கள். யார் புகைப்பவர் என்று சொல்லாமல் படங்களை நடுவர்களிடம் கொடுத்தார்கள். முகத்தில் வித்தியாசம் தெரிந்தது! இருவருமே புகைப்பவர்களா? ஒருவர் 5 ஆண்டு கூடுதலாகப் புகைத்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிட்டது!

தோசை ஓரம் முறுகலாகச் செம்பழுப்பு ஏறுகிறதே, அதே வேதியியல் உங்கள் தோலிலும் நடக்கிறது! சர்க்கரையும் புரதமும் கைகோக்கும் இந்த வினையை 1912-இல் சொன்னவர் பிரான்ஸின் லூயி கமில் மயார். கல்லில் இரண்டு நிமிடம். தோலில் அறுபது ஆண்டு. ரத்தத்துச் சர்க்கரை கொலாஜன் கயிறுகளைப் பிடித்து முடிச்சுப் போடுகிறது. கயிறு விறைத்து, லேசாகப் பழுப்பேறி, வளையாத வைக்கோல் மாதிரி ஆகிவிடும்! 15 ஆண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் முடிச்சு விழாமல் என்ன செய்யும்?

டாக்டர் எழுதிக் கொடுக்கும் 'மூணு மாசச் சர்க்கரை' டெஸ்ட் இருக்கிறதே, எச்.பி.ஏ1சி, அது அளப்பதும் இதே முறுகலைத்தான். ரத்தத்தில் தோசை!

தோலை ஊறவைத்த மாதிரி உப்பலாக வைத்திருப்பது ஹையலுரானிக் அமிலம். 1934-இல் மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்தார்கள்! பிறகு மருந்துக்காக எடுத்தது எதிலிருந்து? சேவல் கொண்டை!

உங்கள் உடம்பு முழுவதும் சேர்த்து அது மொத்தம் 15 கிராம். மூன்று டீஸ்பூன்! அதில் பாதி தோலில். தினமும் மூன்றில் ஒரு பங்கு அழிந்து புதிதாக வருகிறது!

குளத்தில் ஊறினால் விரல் சுருங்குகிறதே, தண்ணீர் குடித்து உப்பியதால் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்? இல்லை! நரம்பு போடும் உத்தரவு அது. நரம்பு அறுந்த விரலை மணிக்கணக்கில் ஊறவையுங்கள், மொழுமொழுவென்றே இருக்கும்!

முகம் தொங்குவது தோலால் மட்டும்தானா? எலும்பும் கூட்டு! வயதாக ஆகக் கண்குழி அகலமாகிறது. தாடை எலும்பு தேய்கிறது. கூடாரத் துணி அப்படியே இருக்க, கம்பு மட்டும் குட்டையானால்?

நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போடுகிறார்களே, அந்த மருந்தின் பூர்வீகம் கெட்டுப்போன சாசேஜ்! 1820-களில் ஜெர்மனியில் அதைத் தின்றவர்கள் கை கால் விளங்காமல் செத்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர் அந்த விஷத்தைத் தானே கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்து எழுதி வைத்தார். அவர் கவிஞரும்கூட! 1987-இல் கனடாவின் வான்கூவரில் கண் துடிப்புக்கு அதே விஷத்தைத் துளியளவு ஊசியில் போட்டுக்கொண்ட பெண்மணி, நெற்றியிலும் போடச் சொல்லிக் கேட்டார். அங்கே போட்டால் முகம் கவலையே இல்லாத மாதிரி ஆகிறதாம்! கண் டாக்டர் மனைவி வீட்டுக்குப் போய்த் தோல் டாக்டர் கணவரிடம் சொன்னார். கரூதர்ஸ் தம்பதி. அவ்வளவுதான், ஒரு உலக வியாபாரம் பிறந்துவிட்டது! ஊசியின் வேலை மூன்று நான்கு மாதம். அப்புறம் நெற்றி பழையபடி கோடு போட ஆரம்பித்துவிடும்.

தோல் செல்லை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தால் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் என்று அரை நூற்றாண்டு காலம் விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1961-இல் லியோனார்ட் ஹேஃப்ளிக் வந்து எண்ணினார். 40 முதல் 60 தடவை பிரியும். அப்புறம் நிற்கும். முதலில் அனுப்பிய இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது! இன்று உயிரியல் புத்தகத்தில் அதற்கு 'ஹேஃப்ளிக் எல்லை' என்று பெயர்.

பாதியில் அந்தச் செல்களை உறையவைத்துவிட்டுப் பல ஆண்டு கழித்து எடுத்தால்? விட்ட எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கும்! செல்லுக்கு மறதியே கிடையாது!

பிரிவது நின்ற செல் செத்துப்போய்விடும் என்று நினைக்காதீர்கள். சாகாது! வேலையும் செய்யாது. உட்கார்ந்த இடத்திலிருந்து அக்கம்பக்கத்தைக் கெடுக்கும். கொலாஜன் கத்தரியைக்கூட அதுவே கக்கும்! 1995-இல் ஒரு சாயம் போட்டுப் பார்த்தார்கள். வயதானவர் தோலில் இந்தச் செல்கள் நீல நீலமாகத் தெரிந்தன!

2009-இல் 'பா' படத்தில் அமிதாப் 12 வயதுச் சிறுவனாக, வழுக்கைத் தலையோடு வந்தாரே. சின்ன வயதிலேயே முதுமை தட்டும் அந்த நோய் புரோஜீரியா. காரணத்தை 2003-இல் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ.வின் 300 கோடி எழுத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து மாற்றம்! 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'!

டி.என்.ஏ.மேல் 353 இடங்களில் இருக்கும் சின்னக் குறிகளைப் படித்து ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் ஒரு கடிகாரம் செய்தார். தோலோ ரத்தமோ கொஞ்சம் கொடுத்தால் வயதைச் சொல்லும். பிழை சுமார் 3.6 ஆண்டு! ஜாதகத்தில் வயதைக் குறைத்து எழுதியவர்கள் ஜாக்கிரதை.

அந்தக் கடிகாரத்தைப் பின்னால் திருப்ப முடியுமா? 2022-இல் கேம்பிரிட்ஜ் பக்கத்து பாப்ரஹாம் நிலையத்தில் நடுவயதுக்காரர்களின் தோல் செல்களை எடுத்தார்கள். யமனாகா என்ற விஞ்ஞானி அடையாளம் கண்ட, செல்லை இளமைக்குத் திருப்பும் நாலு மரபணுக்களை 13 நாள் இயக்கிவிட்டு நிறுத்தினார்கள். செல்களின் வயது 30 ஆண்டு குறைந்தது! கொலாஜனும் கூடுதலாகச் சுரந்தது. கிண்ணத்தில்தான், முகத்தில் இல்லை. ஓடாதீர்கள்!

வயதானவர்கள் பக்கத்தில் ஒரு தனி வாசனை வருமே? அதற்கும் பெயர் வைத்துவிட்டார்கள். 2-நோனெனல்! தோலின் எண்ணெய் காற்றுப்பட்டுச் சிதைந்து வருவது. 2001-இல் ஜப்பானில் 26 முதல் 75 வயது வரையானவர்களிடம் தேடினார்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டுமே கிடைத்தது! தாத்தா துண்டை முகர்ந்தால் ஊர் ஞாபகம் வருவது இந்த மூலக்கூறால்கூட இருக்கலாம்!

தமிழில் தோல் சுருக்கத்துக்கு என்ன பெயர்? திரை. கடல் அலைக்கும் அதே திரை! நரை, திரை, மூப்பு என்று வரிசையாக வைத்தவர்களின் கண்ணுக்கு ஒரு சபாஷ்.

நரைக்கும் நம்மிடம் பழைய ஆராய்ச்சி உண்டு. புறநானூறு 191-ஆம் பாட்டு. இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று பிசிராந்தையாரைக் கேட்கிறார்கள். வீட்டில், வேலையாட்களிடம், அரசனிடம், ஊர்ப் பெரியவர்களிடம் எதிலும் தனக்குக் கவலை இல்லை என்கிறார். 2020-இல் ஹார்வர்டில் எலிகளுக்கு மன அழுத்தம் கொடுத்தார்கள். நரம்பு சுரந்த நோர்அட்ரினலின், முடிக்கு நிறம் தரும் மூலச்செல்களைத் தீர்த்துக்கட்டியது. எலி நரைத்தது! ஆந்தையார் சொன்னதற்கு எலி சாட்சி!

இன்னும் கேளுங்கள். 2021-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். ஒருவர் விடுமுறைக்குப் போனார். அந்த நாட்களில் அவர் தலையில் 5 நரைமுடி மறுபடி கறுத்தது! மேலதிகாரியிடம் லீவு கேட்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. நான் தேடிப் பிடித்ததிலேயே எனக்கு மிகப் பிடித்தது!

1858-இல் வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கையில் மை தடவிக் காகிதத்தில் பதித்து வாங்கினார். அந்தக் கிறுக்கு அப்படியே பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே தன் விரலையும் பதித்தார். வயதான பிறகு, 1916-இல், மறுபடி பதித்தார். இடையில் 57 ஆண்டு. வரிக்கு வரி அதே ரேகை!

28 நாளைக்கு ஒருமுறை என்று கணக்குப் போடுங்கள். அதற்குள் அவர் விரலின் மேல்தோல் ஏறக்குறைய 740 தடவை உதிர்ந்து புதிதாகியிருக்கும். ரேகை மட்டும் மாறவில்லை! அச்சு உள்ளே, அம்மா வயிற்றில் ஆறு மாதம் முடிவதற்குள் வெட்டியாச்சு. மேலே வருவதெல்லாம் அதன் பிரதி!

அப்புறம் ஏன் ரேஷன் கடை மெஷின் பாட்டியை ஏற்பதில்லை? ரேகை அழியவில்லை. மேடு தாழ்ந்துவிட்டது, தோல் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். போன மாதம் எங்கள் தெருவில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி பெருவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. 'அடுத்த விரலை வைங்க பாட்டி' என்றார் கடைக்காரத் தம்பி. ஆட்காட்டி விரல். சிவப்பு. பாட்டி ஒன்றும் பேசவில்லை. பெருவிரலை நாக்கில் தொட்டு, முந்தானையில் ஒரு ஒற்று ஒற்றி, மறுபடி அழுத்தினார். பச்சை! 'எண்பத்தி ரெண்டு வயசு விரலுடா' என்று சொல்லிவிட்டுப் பையை விரித்தார்.